எல்லை தாண்டிச் சாப்பிடலாம் என்றாயே

என் அப்புக் குட்டி,

நல்லா இருக்கிறாயா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்டு என்ன செய்ய? உன் தம்பி செல்வம் நாளைக்குச் சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு தாய்லாந்துக்குக் கிளம்புகிறான். பெண்டாட்டி லதாவும் பிள்ளையும் கூடப் போகிறார்கள். நீ போன அதே ரோட்டில்.

ரோடு என்ன செய்யும், பாவம். எனக்குப் பயமெல்லாம் அவன் போடுகிற சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்துத்தான்.

நேற்று நம் ஸ்கூடாய் வீட்டு ஹாலில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வழிக்குக் கட்டிக் கொடுக்க நான் அடுப்படியில் சம்பல் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"அரிசி, ரைஸ் குக்கர், சார்டின் மீன் டின் எல்லாத்தையும் ஏத்திடுவோம். ராத்திரிக்கு மட்டும் கடையில சாப்பிட்டா போதும்," என்றான் செல்வம்.

"அலமாக்! வெளிநாடு போயி சார்டினா? அதை இங்கயே தின்னுட்டுப் படுத்துக்கலாமே," என்றாள் லதா.

"ராத்திரிக்கு டொம்யாம் சூப்பு வேணும்ல உனக்கு? அப்ப காலையில வயித்தக் காயப் போடு. பசியாறுறதையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒண்ணாக்கிடுவோம். எல்லை தாண்டிச் சாப்பிட்டுக்கலாம் லா. அண்ணன் அப்படித்தான் செஞ்சாரு. ஒரு வேளைக் காசு மிச்சம்."

அண்ணன் என்றதும் லதா சிரிப்பை நிறுத்திவிட்டாள். என் கையும் நின்றுவிட்டது. சம்பல் அடிப்பிடித்தது.

உனக்கு இருந்த இனிப்புநீர் வியாதி அவனுக்கும் வந்துவிட்டது அப்பு. உன்னைப் போலவே காலையில் வயிற்றில் ஊசி குத்திக்கொள்கிறான். உன்னைப் போலவே, குத்திவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடுகிறான்.

வண்டியில் தூங்கிவிட்டாய் என்றுதான் ஊரே சொன்னது. இரவெல்லாம் ஓட்டியவன்தானே என்று நானும் நம்பினேன். உன் பெண்டாட்டி கமலா வெகுநாள் கழித்துத்தான் வாயைத் திறந்தாள். விடிந்ததும் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி ஊசி போட்டுக்கொண்டாயாம். அப்புறம் எல்லையில் பள்ளி விடுமுறைக் கூட்டம். கார்கள் நகரவே இல்லையாம். நான் கட்டிக் கொடுத்த புளிச்சோறு பின்னால் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. "இறங்கி எடுக்கட்டுமா?" என்று கேட்டாளாம். "வேணாம், லைன் போயிடும். எல்லை தாண்டிச் சாப்பிடலாம்," என்றாயாம்.

தாண்டினாய். கடை ஒன்று வருவதற்குள் கார் ரோட்டை விட்டு இறங்கி ஒரு மரத்தில்... அதற்கு மேல் நான் எழுதமாட்டேன்.

கிளினிக்கில் கேட்டேன். ஊசி போட்டவன் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கிவிடுமாம். கண் திறந்தபடியே இருக்குமாம். ஆள் அதற்குள் இருக்க மாட்டானாம்.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வத்தோடு பெக்கான் நானாஸ் போய் அன்னாசி வாங்கி வந்தேன். திரும்பும்போது சிக்னலில் பச்சை விழுந்தது. அவன் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். வண்டி நகரவில்லை. பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். ஏர்கோன் ஓடுகிறது, அவன் கழுத்தெல்லாம் வியர்வை. நறுக்கி வாங்கிய அன்னாசியில் ஒரு துண்டை எடுத்து அவன் வாயில் திணித்தேன். மெல்லவே மறந்தவன் போல இருந்தான். அப்புறம் மெதுவாக மென்றான்.

"என்னம்மா இது, நான் என்ன கைப்பிள்ளையா? கண்ணு அசந்துருச்சு, அவ்வளவுதான்," என்றான்.

கண் அசந்ததாம்.

இன்றைக்குச் சொல்லிவிட்டேன். "நானும் வர்றேன்டா."

"இன்னொரு தட்டு கூடும்மா. கணக்கு இடிக்கும்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். நீ சாப்பிடுறதப் பாக்கத்தான் வர்றேன்."

"அண்ணனுக்கு நேரம் சரியில்ல. அதுக்காக எல்லாரும் பயந்து சாகணுமா?"

உள்ளேயிருந்து லதா குரல் கொடுத்தாள். "அத்தை முன்னால உக்காரட்டும். இல்லேன்னா நீங்க மட்டும் போயி சார்டின் தின்னுட்டு வாங்க."

அவன் சாமான் ஏற்றக் காருக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து வெளியே போய்ப் பார்க்கிறேன், சாப்பாட்டுக் கூடையை முதலில் ஏற்றி, அதன்மேல் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறான். அப்படியே உன் கை வேலை. நான் ஒவ்வொரு பெட்டியாக இறக்கிக் கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னைக் கொண்டு வருவதற்காக எடுத்த பாஸ்போர்ட் அலமாரியில்தான் இருக்கிறது. இன்னும் செல்லுமாம்.

அப்பு, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்காருவேன். ஊசி குத்தியதும் ஊட்டுவேன். திட்டினால் திட்டட்டும், லைன் போனால் போகட்டும். உன் தம்பியைப் பட்டினியாக அந்த எல்லையைத் தாண்ட விடமாட்டேன்.

ஆனால் அந்த மரத்தையும் தாண்டித்தானே நான் போகவேண்டும்? அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சோற்றை எடுக்கட்டுமா என்று கமலா கேட்டபோது உனக்குப் பசித்ததா, சாமி? இல்லை, பசிகூடத் தெரியாத இடத்துக்கு அப்போதே போய்விட்டிருந்தாயா?

உன்னைப் பெற்ற அம்மா