வள்ளி தொலைந்து போகவில்லை

நவம்பர் 12, செவ்வாய்

விடியவே மழை. தோட்டக்காணியில் தண்ணீர் நிற்கிறதாம். குத்தகைக்காரன் வாசல் படலையில் நின்று முறைப்பாடு சொல்லிவிட்டுப் போனான். மழையை நானா கூப்பிட்டேன்.

அம்மா படுக்கையில் விழுந்து மூன்றாவது வாரம். இடுப்பெலும்பு. இந்த வயதில் ஒப்பரேசன் தாங்காது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வைத்துப் பார்ப்பவள் நான். அண்ணை ரொறன்ரோவில் இருந்துகொண்டு போனில் பார்க்கிறார்.

காலை கஞ்சி. வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"நீ வேண்டாம். வள்ளி வரட்டும்."

வள்ளி இடப்பெயர்வில் தொலைந்துபோய் முப்பது வருடமாகப் போகிறது. சொன்னேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கஞ்சி ஆறிப்போனது. கோழிக்கு ஊற்றினேன்.

வாங்க: பம்பஸ் (பெரிது), டெற்றோல், பால்மா, படுக்கைப் புண் பவுடர். எனக்கு முதுகுக்குத் தைலம்.

பி.ப. அண்ணையின் வட்ஸ்அப். வெற்றிக் குரல். "ஆளைப் பிடிச்சிட்டன்" என்றார். வள்ளி வன்னியில், தர்மபுரத்தில் இருக்கிறாளாம். யாரையோ பிடித்து நம்பர் எடுத்து, அம்மா கூப்பிடுகிறார் என்று சொன்னாராம். வியாழன் வருகிறாளாம். "அம்மாவுக்கு அவளிலைதானே உயிர்" என்றும் சொன்னார். ஓம் என்றேன்.

பிறகு பாத்திரம் கழுவும்போது ஒரு கோப்பை உடைந்தது. கை வழுக்கியது.

நவம்பர் 13, புதன்

மழை விட்டிருக்கிறது. கொடியில் உடுப்பு இன்னும் ஈரம். அம்மா நித்திரை.

பழசெல்லாம் வருகிறது. எழுதிவிட்டால் போகுமோ பார்ப்போம்.

அப்பாவுக்கு மலைநாட்டில், ஹற்றன் பக்கம் சுருட்டுக்கடை. தேயிலைத் தோட்டங்களில் பஞ்சம் வந்த வருடம், கடையில் கடன் ஏறிப்போன ஒரு கொழுந்து மடுவத்துத் தொழிலாளி, கடன் கழியும்வரை உங்கள் வீட்டில் நிற்கட்டும் என்று மகளைக் கொண்டுவந்து விட்டாராம். அப்பா லொறியில் இங்கே வலிகாமத்துக்குக் கூட்டிவந்தார். எனக்கு எட்டு வயது. அவளுக்கு ஒன்பதோ பத்தோ. அப்போது இங்கே பல வீடுகளில் மலைநாட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். ஒருவருக்கும் அது புதினமாக இருக்கவில்லை. அதற்கும் முந்திய காலத்தில் எங்கள் ஆட்கள் காணியோடு அடிமை குடிமையையும் சேர்த்துச் சீதனம் எழுதியவர்கள். பெரியப்பா அதைப் பெருமையாகத்தான் சொல்வார்.

அம்மா அவளை அடித்ததில்லை. சாப்பாடு குறை வைத்ததில்லை. தீபாவளிக்குச் சட்டை. கடன் எப்போது கழியும் என்று மட்டும் வீட்டில் யாரும் கதைத்ததாக நினைவில்லை.

ஆனால் என் நெஞ்சில் கிடப்பது அது இல்லை. குசினியில் அம்மாவும் அவளும் சிரிக்கும் சத்தம். நான் வாசலுக்குப் போனால் நின்றுவிடும். "உனக்கு உங்கை என்ன வேலை? போய்ப் படி." தேங்காய் திருவிக்கொண்டே அம்மா கதை சொல்வது வள்ளிக்கு. தலையை மடியில் வைத்துப் பேன் பார்ப்பது வள்ளிக்கு. ஒரு நாள் மரக்கறி வெட்டும்போது அவளுக்கு விரலில் காயம். அம்மா அந்த விரலைத் தன் வாயில் வைத்து உறிஞ்சினார். கண்டுகொண்டு நின்றேன். அடுத்த நாள் பென்சில் தீட்டும் பிளேட்டால் நானே என் விரலைக் கீறிக்கொண்டு போய் நீட்டினேன். "டெற்றோல் போடு" என்றார் அம்மா.

படித்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்தேன். கலியாணம் சரிவரவில்லை. இப்போது பென்சன். இத்தனைக்கும் பிறகு இது மட்டும் போகவில்லை. வீட்டில் வேலைக்கு நின்றவள் மேல் பொறாமை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

நவம்பர் 14, வியாழன்

வந்துவிட்டாள்.

மெலிந்து கறுத்து, கையில் பையோடு ஒருத்தி வருவாள் என்று நினைத்திருந்தேன். ஓட்டோவில் வந்து இறங்கியவள் நல்ல உடம்போடு, நீலக் கொட்டன் சேலை, குடை, தோளில் கைப்பை. ஓட்டோக்காரனோடு பேரம் பேசி மிச்சம் வாங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு முன்வாசலால் வந்தாள். முந்தி அவளுக்குப் பக்கவாசல்.

"எப்பிடி ஈஸ்வரி, சுகமோ?"

பெயர் சொல்லி. முந்தி அவளுக்கு நான் சின்னம்மா. கதிரையைக் காட்டுவதா விடுவதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அதில் இருந்துவிட்டாள். தேத்தண்ணீரை நல்ல கோப்பையில் கொடுத்தேன். சீனி கூட என்றாள்.

அம்மாவின் அறைக்கு அவள் முன்னால், நான் பின்னால். அம்மா அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "எங்கையடி போனனீ?" வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கஞ்சியை எடுத்தாள். முழுக் கோப்பையும் உள்ளே போனது. மூன்று வாரம் கரண்டி கரண்டியாகக் கெஞ்சியவள் நான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேலிக்கு மேலால் சிவமணி மாமி: "உவள் துலைஞ்சுபோன வள்ளியெல்லே? பெத்த பிள்ளை மாதிரியெல்லே ஓடி வந்திருக்கிறாள்." பெத்த பிள்ளை இங்கேதான் நிற்கிறேன் மாமி. சொல்லவில்லை. துவாய் காயப்போட்டேன்.

பின்னேரம் அவளுக்கு ஒரு போன் வந்தது. "ஓம், புஷ்பராணிதான் கதைக்கிறன்" என்றாள். யாரது என்று கேட்டேன். தான்தான் என்றாள். தாய் தகப்பன் வைத்த பெயர். சின்னதில் இங்கே வந்த அன்று அம்மா பெயர் கேட்டாராம். சொன்னதும், வேலைக்கு வந்தவளுக்கு ராணியோ என்று சிரித்துவிட்டு வள்ளி என்று வைத்தாராம். ஒரே வீட்டில் வளர்ந்தும் எனக்கு இது தெரியாது. வாயில் வருவது இன்னும் வள்ளிதான்.

நவம்பர் 15, வெள்ளி

இரண்டு நாளில் அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. புண்ணைக் கழுவி, தலை வாரி, பொட்டு வைத்து. எல்லாம் அவள். நான் வைத்தால் பொட்டு கோணலாம்.

அண்ணையின் போன். அவளை நிற்பாட்டிவிடு, எவ்வளவு கேட்டாலும் கொடுப்போம், நீயே கேள் என்றார். கேட்க விருப்பமில்லை. நின்றாள் என்றால் இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை. போனாள் என்றால் அம்மா சாப்பிடமாட்டார்.

உடுப்புக் காயப்போடும்போது கேட்டேன். சிரித்தாள். கோபமான சிரிப்பு இல்லை. தர்மபுரத்தில் அவளும் மகளும் தையல் கடை வைத்திருக்கிறார்கள். தைப்பொங்கலுக்கு ஓடர் குவிந்துபோய்க் கிடக்கிறதாம். ஞாயிறு நிற்கமாட்டாளாம்.

"அப்ப என்னத்துக்கு வந்தனீ?" வாய் தவறி வந்துவிட்டது.

உடுப்பை உதறிப் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள். இடப்பெயர்வில் வள்ளியைத் துலைச்சுப்போட்டேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்வதும், கிடைக்க வேண்டும் என்று மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்ததும் அண்ணை சொல்லித்தான் அவளுக்குத் தெரியவந்ததாம்.

"ஒரு சாமானைத் துலைச்ச மாதிரி. நான் துலையேல்லை ஈஸ்வரி. நான் போனனான். அதை அவவுக்கு நேரை சொல்ல வேணும் எண்டுதான் வந்தனான்."

சண்டையில் இடம்பெயர்ந்து மீசாலையில் நாங்கள் ஒரு மாட்டுக்கொட்டிலில் இருந்த காலம். திரும்பி வலிகாமம் போகலாம் என்றானதும் சனம் இரண்டாகப் பிரிந்தது. கொஞ்சம் வீடுகளுக்கு, கொஞ்சம் கிளாலிக்கு, கடலேரி தாண்டி வன்னிக்கு. அன்று காலை சந்தியில் சரியான நெரிசல். பைகள் என் கையில். அம்மா அவள் கையைப் பிடித்திருந்தார், என் கையை அல்ல. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று போனவள் வரவில்லை. அம்மா வெயிலில் பெயர் சொல்லிக் கத்தினார். பிறகு மாதக்கணக்கில் அழுகை. நான் தொலைந்திருந்தால் இப்படி அழுவாரா என்று யோசித்தேன். முப்பது வயதில்.

அதைச் சொன்னேன் அவளிடம். அம்மா உன் கையைத்தானே பிடித்திருந்தார் என்று.

"ஓம். நல்லா இறுக்கி. கழட்டத்தான் கஷ்டப்பட்டனான்" என்றாள். அடுத்த உடுப்பை எடுத்தபடி, "உன்னை ஆரும் பிடிச்சு வைக்கேல்லை. நீ போயிருக்கலாம்."

தன் பாட்டன் கதையும் சொன்னாள். சின்ன வயதில் தகப்பன் வாயால் கேட்டது. அக்கரை ஊரில் கங்காணி முற்பணம் கொடுத்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்த ஆள் அவர். கடன் தீர்ந்தது என்று தோட்டத்துத் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால்தான் வேறு தோட்டம் போகலாம். துண்டு இல்லாமல் போனால் பிடித்து வருவார்கள். பாட்டனுக்கு அந்தத் துண்டு கிடைக்கவே இல்லை.

"எனக்கும் ஒருத்தரும் தரேல்லை. நானே எடுத்துக்கொண்டு போனனான்."

அவள் உள்ளே போன பிறகும் கொடியடியில் நின்றேன். இவ்வளவு காலமும் அம்மா பிடித்த கையைப் பார்த்துப் பொறாமை. இப்போது அந்தக் கையைக் கழற்றிக்கொண்டு போனதைப் பார்த்துப் பொறாமை. என்னை யாரும் பிடிக்கவில்லை. நானும் போகவில்லை.

நவம்பர் 16, சனி

தூறல். வெங்காயம் அழுகும் என்று குத்தகைக்காரன் திரும்பவும்.

சொல்லிவிட்டாள். மத்தியானம், அம்மா சாப்பிட்டு முடிய. கட்டிலில் பக்கத்தில் இருந்து, நீங்கள் என்னைத் துலைக்கவில்லை, நானாகத்தான் போனேன் என்று மெதுவாக, இரண்டு தரம்.

அம்மாவின் கண் அவள் முகத்தில் நின்றது. விளங்கியதோ, எந்த வருடத்தில் இருந்தாரோ தெரியாது. குரல் மட்டும் பழைய குரல், குசினியில் கேட்பது.

"உன்ரை கொப்பன்ரை கடன் இன்னும் கழியேல்லை. கழியாமல் எங்கை போறாய்?"

எனக்கு நெஞ்சில் குளிர்ந்தது. எழுதத்தான் வேண்டும், இது என் டயறிக் கொப்பி. அம்மா இவ்வளவு காலமும் கூப்பிட்டது பிள்ளையை அல்ல, வேலைக்கு நின்றவளை. சந்தோசப்பட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தில் அது இருந்திருக்கும்.

அவள் அழவில்லை. துவாயால் அம்மாவின் வாயைத் துடைத்தாள்.

"கழிஞ்சுது அம்மா. எப்பவோ கழிஞ்சுது. அதுக்குப் பேந்துதான் நான் போனனான்."

போர்வையை இழுத்துவிட்டு, கிணற்றடியில் கைகால் கழுவி, பையை எடுத்துக்கொண்டாள். ஒரு வாழைச்சீப்புக் கொடுத்தேன். வாங்கினாள். படலை வரைக்கும் போனேன். அவள் ஒழுங்கைக்குள் இறங்கி நடந்த பிறகு "புஷ்பராணி" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். உடனே திரும்பினாள். மழை வருகுது, குடையை விரி என்றேன். விரித்தாள்.

அண்ணை போனில் சத்தம். நீதான் ஏதோ சொல்லிக் கலைத்து அனுப்பிவிட்டாய் என்கிறார். போனை மேசையில் வைத்துவிட்டுப் பால் காய்ச்சப் போனேன். வந்து பார்க்கும்போதும் கதைத்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 18, திங்கள்

நேற்று முழுக்க அம்மா ஒன்றும் வாயில் வைக்கவில்லை. எழுத மனமில்லை.

இன்று கஞ்சி வேண்டாம் என்று குழைசாதம் செய்தேன். பூசணி, பயற்றங்காய், கொஞ்சம் நெய். கொண்டுபோய்ப் பக்கத்தில் இருந்தேன். அம்மா கண் மூடியபடி.

"வள்ளியோ?"

"ஓம் அம்மா."

எப்படி வந்தது என்று தெரியாது. வந்துவிட்டது. அம்மா வாயைத் திறந்தார். கையால் பிசைந்து ஊட்டினேன். பாதி முடிந்திருக்கும்.

"ஈசு எங்கை?"

என்னைத்தான். கை நின்றது. "சின்னம்மா உள்ளுக்கை நிக்கிறா" என்றேன்.

"சாப்பிட்டவளோ?"

"ஓம்."

"அவள் கேட்டு வாங்கிச் சாப்பிடமாட்டாள். நீதான் பாத்துப் போடவேணும். எத்தினை தரம் உனக்குச் சொல்லுறது?"

எத்தனை தரம் சொல்லியிருப்பார். பள்ளிக்கூடத்தால் வந்தால் என் சாப்பாட்டுக் கோப்பை எப்போதும் நிறைந்து, மேலே ஒரு மூடியோடு இருக்கும். யார் போட்டது என்று நினைத்ததே இல்லை. அம்மா என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் குசினிக்குள், அவளுக்கு. அதுவும் அவளிடம்தான் இருந்திருக்கிறது.

"பாத்துப் போடுறன் அம்மா" என்றேன்.

மிச்சத்தையும் சாப்பிட்டார். நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. குசினிக்குப் போய்ச் சோறு போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தேன், போதாது போல் இருந்தது. இன்னும் ஒரு அகப்பை போட்டேன்.