பலாப்பிசின் பிளாஸ்டர்

மாமா,

இன்று காலை மொத்த வியாபாரியின் வண்டியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி இறங்கியது. கல்லா மேசையில் வைத்துப் பிளேடால் கீறினேன். என் மருந்துக்கடையில் எப்போதும் ஸ்பிரிட் நெடியும் இருமல் மருந்தின் இனிப்பு நெடியும்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அவற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு வாசனை வந்தது. பழுத்த பலாவின் வாசனை இல்லை. பலாக்காயின் காம்பைக் கிள்ளினால் பால் கசியுமே, அந்தப் பச்சை வாசனை. மிக லேசாக. கம்பெனிக்காரர்கள் எவ்வளவோ சுத்தம் செய்தும் அது முழுதாகப் போகவில்லை போலிருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால், “பாத்தியா மச்சான், பண்ருட்டி அவ்ளோ சீக்கிரம் போவாது” என்று பெருமையாகச் சொல்லியிருப்பீர்கள்.

உங்கள் பிளாஸ்டர்தான் மாமா. மேல்பட்டாம்பாக்கத்தில், என் கடையில், லைசென்ஸ் நம்பரோடும் காலாவதி தேதியோடும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதுவும் இது இரண்டாவது பெட்டி. இரண்டாவது பெட்டிக்கு ஏன் ஆர்டர் போட்டேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நேராக விஷயத்துக்கு வரமாட்டேன். அது உங்களிடமிருந்து வந்த பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவைக் கட்டிக்கொண்டு அண்ணாமலை நகர் பல்கலைக்கழகக் குவார்ட்டர்ஸுக்கு நீங்கள் கூட்டிப்போனபோது, வேதியியல் வாத்தியார் மாப்பிள்ளையாகக் கிடைத்துவிட்டார் என்று எங்கள் வீட்டில் பெருமை தாங்கவில்லை. முதல் தடவை விருந்துக்கு வந்தபோதே என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “நல்ல முடி மச்சான் ஒனக்கு” என்றீர்கள். பாசம் என்று நினைத்தேன். ஆராய்ச்சிக்கு இடம் பார்த்திருக்கிறீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பலாத்தோப்பில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். பண்ருட்டி சந்தையில் லாரிகள் பழம் ஏற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே புலம்பல்தான். “பழம் ஊரு ஊரா போவுது மச்சான். பாலு மட்டும் இங்கியே மண்ணுல சிந்திப் போவுது. அதுல ஒரு மருந்து இருக்கு.” அந்தப் பாலில் அரிப்புத் தரும் சங்கதிகளை எல்லாம் நீக்கிவிட்டு, பிசினை மட்டும் பிரித்தெடுத்து, துணியில் தடவி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் செய்ய வேண்டும். உங்களுக்கு அது ஒன்றுதான் வேலை. பாடம் நடத்தியது, பேப்பர் திருத்தியது எல்லாம் இடைவேளையில் செய்தவை.

ஒட்டியதா என்றால் ஒட்டியது. அதில் குறையே சொல்ல முடியாது. உரித்தால்தான் கஷ்டம். முடி வரும், சில சமயம் மேல்தோலும் சேர்ந்து வரும். நோயாளிகள் மேல் போட்டுப் பார்க்கக் கமிட்டி அனுமதி வர வேண்டும் என்பதால், முதலில் உங்கள் கையில் ஒட்டிக்கொண்டீர்கள். உங்கள் கையில் இடம் தீர்ந்ததும் என் கைக்கு வந்தீர்கள். கமிட்டி விதியை ஞாபகப்படுத்தினேன். “மனுசங்க மேல சோதிக்கக் கூடாதுன்னுதான் மச்சான் போட்டுருக்கு. மச்சான் மேல கூடாதுன்னு எங்கியும் போடல” என்றீர்கள். அதற்குள் ஒட்டியும் விட்டீர்கள்.

உங்கள் இரண்டு கைகளிலும் கட்டம் கட்டமாக முடி காணாமல் போனதைப் பார்த்து அக்கா நடுங்கிப்போனாள். ஏதோ தோல் வியாதி, கணவர் மறைக்கிறார் என்று முடிவுகட்டி, உங்களை நடராஜர் கோயிலுக்கு இழுத்துப்போய் அர்ச்சனை செய்தாள். தீட்சிதர் என்ன குறை என்று விசாரித்தபோது, “கையில மட்டும் சதுரம் சதுரமா முடி கொட்டுதுங்க சாமி” என்று கண்கலங்கினாள். உடன் வந்த நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தீட்சிதரின் முடி அடர்ந்த முன்கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

என் நிச்சயதார்த்தத்தில் நடந்ததை மறக்க முடியுமா? மோதிரம் போடக் கையை நீட்டினேன். சட்டைக் கை மேலே ஏறியது. பெண்ணின் அப்பா என் கையைப் பார்த்துவிட்டு, “பையனுக்கு எதுனா ஒடம்பு சரியில்லிங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் எழுந்து நின்று, பிசின் தோலை எப்படிப் பிடிக்கிறது, வியர்வை வந்தால் என்ன ஆகிறது, சதுரமாக வெட்டினால் வட்டத்தைவிட ஏன் நல்லது என்று வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டீர்கள். சாப்பாட்டுப் பந்தி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் என் அப்பாவைத் தனியாக அழைத்துப்போய், “பையன் தங்கமானவருங்க. அவுங்க மாமாவ மட்டும் கல்யாணத்தன்னிக்கு மைக் பக்கம் வுட வேணாம்” என்று கேட்டுக்கொண்டார். சம்பந்தம் முறியாமல் தப்பியது.

நான் கடை வைத்ததும் உங்களுக்குப் புதிதாக ஒரு ஆசை முளைத்தது. வரும்போதெல்லாம் பையில் பிளாஸ்டர் அடைத்த ஒரு வெள்ளை டப்பா கொண்டுவருவீர்கள். நான் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, கிரைப் வாட்டர் பாட்டில்களுக்கு நடுவில் அதைச் செருகி வைப்பீர்கள். நீங்கள் தெருமுனை திரும்பியதும் நான் எடுத்து உள்ளே போடுவேன். அடுத்த தடவை வந்து தேடுவீர்கள். லைசென்ஸ் நம்பர் இல்லாத எதையும் என் அலமாரியில் வைக்கமாட்டேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இன்றும் அப்படித்தான் செய்வேன். மருந்துக்கடைக்காரன் மாமாவுக்காக வளைந்தால் பிறகு எல்லோருக்கும் வளைய வேண்டி வரும்.

ஒருநாள் எரிச்சலில், “என் கடையில வெச்சி உங்களுக்கு என்னா ஆவப்போவுது மாமா? பட்டம் இருக்கு, பதவி இருக்கு, ஊருல பேரு இருக்கு” என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னீர்கள்.

“எங்க கேம்பஸ்ல எத்தினியோ பேரு என்னென்னமோ கண்டுபுடிச்சிருக்கோம் மச்சான். கைதட்டுவாங்க, போட்டோ எடுப்பாங்க, பீரோவுல வெச்சிப் பூட்டுவாங்க. என்னுது ஒன்னாவது கேம்பஸ் கேட்டத் தாண்டிப் போவணும். யாரோ ஒருத்தரு, என் பேரு கூட தெரியாதவங்க, கடையில வந்து கேக்கணும். மொத தடவ வாங்குனா அது ஆச. தெரிஞ்சவன் வாங்குனா அது மரியாத. ரெண்டாந்தடவ வந்து கேட்டாத்தான் அது மருந்து.”

அதற்குப் பிறகு நீங்கள் கையைக் கேட்டபோதெல்லாம் நான் மறுக்கவில்லை. கத்தினேன், அது வேறு விஷயம்.

பிறகு உங்கள் பல்கலைக்கழகத்தில் அந்தக் கண்காட்சி நாள். மருத்துவம், உயிரித் தொழில்நுட்பம், வேதியியல், வேளாண்மை என்று எல்லாத் துறைக் கண்டுபிடிப்புகளையும் ஒரே பந்தலில் வைத்திருந்தார்கள். இறால் குட்டைக்கு நுண்ணுயிர் ஒரு பக்கம், முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் செய்த பெயிண்ட் இன்னொரு பக்கம். சென்னையிலிருந்து ஒரு மருந்துக் கம்பெனி அதிகாரி வருகிறார், பிடித்ததை எடுத்துக்கொண்டு தொழிற்சாலையில் செய்வார் என்று பேச்சு. நீங்கள் ஓய்வு பெறும் வருஷம் அது. இதை விட்டால் பிளாஸ்டர் பீரோவுக்குத்தான் போகும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கடையை மூடிவிட்டு வந்து உங்கள் மேசைக்குப் பின்னால் நின்றேன்.

விதி பக்கத்து ஸ்டாலில் இருந்தது. வேளாண்மைத் துறைக்காரர்கள் சீக்கிரம் காய்க்கும் புது பலா ரகத்தை அறுத்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் சுளை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் வழக்கப்படி பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய். “கையில தடவிக்குங்க சார், பாலு ஒட்டாது” என்று உபசாரம் வேறு. சென்னைக்காரருக்கு அது புதுசு. சோப்புப் போடுவதுபோல முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொண்டு, நாலைந்து சுளை சாப்பிட்டுவிட்டு, மின்னும் கைகளோடு நேராக உங்களிடம் வந்தார். “எங்கே, என் கையிலேயே ஒட்டுங்க பார்ப்போம்.”

ஒட்டினீர்கள். வழுக்கிக் கீழே விழுந்தது. அழுத்தி ஒட்டினீர்கள். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது, நீங்கள் எழுதி வைத்திருந்த பேச்சுத்தாளில் போய் ஒட்டிக்கொண்டு அதைவிட்டு வரமாட்டேன் என்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உங்கள் நெற்றியில் வியர்வை. “புரொஃபசர், இது எந்த வியாதிக்கு?” என்று அதிகாரி கேட்டார். நீங்கள் என் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்தீர்கள். “இதோ என் மச்சான். இவன் கையில ஒட்டிக் காட்டறேன்.”

என் கையில் எண்ணெய் இல்லை. எனவே இரும்புபோல ஒட்டியது. “சரி, நானே உரிக்கிறேன்” என்று அதிகாரி தன் எண்ணெய் விரல்களால் ஓரத்தைக் கிளறினார். எனக்குத்தான் அனுபவம் உண்டே. கண்ணை மூடி, கத்துவதற்கு வாயை முழுதாகத் திறந்தேன். வலி வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் பிளாஸ்டர் அவர் விரலில் இருக்கிறது. என் கையில் ஒரு முடிகூடக் குறையவில்லை. திறந்த வாய் அப்படியே நிற்கிறது.

அப்போது உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் மாமா. அதிகாரியை மறந்தீர்கள், பந்தலை மறந்தீர்கள். பக்கத்து ஸ்டாலில் இருந்து எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்தைப் பார்த்து ஓட்டம். வேளாண்மைக்காரர்கள், “சார், கிண்ணம்! கிண்ணம்!” என்று பின்னால் ஓடினார்கள். நான் அதிகாரியைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தபடி நின்றேன். அவரிடம் என்ன சொல்வது? இன்னொரு சுளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அத்தனை வருஷமாக உரிப்பதற்கு நீங்கள் போட்டுப் பார்க்காத ரசாயனம் இல்லை. விலை உயர்ந்த திரவம் எல்லாம் வந்தது. பிசினில் எண்ணெய் பட்டுவிடக் கூடாது என்பதற்காக ஆய்வுக்கூடத்துக்குள் முறுக்குப் பொட்டலம்கூட வரக் கூடாது என்று சட்டம் போட்டவர் நீங்கள். அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “பண்ருட்டியில பொறந்துட்டு, பலாப்பிசினுக்கு எண்ண தடவணும்னு இப்பத்தான் கண்டுபுடிச்சிங்களா? இதுக்கா எம் தம்பி கைய மொட்ட அடிச்சிங்க?” நீங்கள் தோசையைப் பிய்த்தபடி, “தெரியும். தோப்புல தெரியும். லேபுக்குள்ள தெரியல” என்றீர்கள்.

அந்த அதிகாரியே பிறகு தேடிக்கொண்டு வந்தார். வலுவாக ஒட்டும் பிளாஸ்டர் ஆயிரம் இருக்கிறது, ஒரு சொட்டு எண்ணெயில் வலிக்காமல் வருவதுதான் அபூர்வம் என்றார். அப்புறம் கமிட்டி, ஆஸ்பத்திரி வார்டில் முறையான சோதனை, காப்புரிமை என்று எல்லாம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. உங்கள் இதயம் அவ்வளவு பொறுமையாக இல்லை.

கடலூர் ஆஸ்பத்திரியில் சலைன் ஊசிக்கு மேல் ஒட்டியிருந்த சாதாரணப் பிளாஸ்டரை நர்ஸ் உரித்தபோது துள்ளினீர்கள். “ஏம்மா, இதுல பசை ஜாஸ்தி. எங்க பிளாஸ்டர் வரட்டும், அப்பறம் பாரு” என்று அந்த நிலையிலும் அவளுக்கு வகுப்பு. அவள் உங்களைப் பிளாஸ்டர் கம்பெனி சேல்ஸ்மேன் என்று நினைத்துக்கொண்டு, “மேட்ரன்கிட்ட சாம்பிள் குடுங்க சார்” என்றாள். நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். அதுதான் நாம் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு. அது அப்போது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்திருப்பேன்.

நீங்கள் போன பிறகுதான் முதல் பெட்டி வந்தது. கல்லாவுக்கு எதிரில், கண்ணில் படுகிற மாதிரி அடுக்கினேன். அக்கா சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து வாங்கினாள். காசு வேண்டாம் என்றேன். “அவுரு பொருள எவனும் ஓசில குடுக்கக் கூடாது” என்று காசை வைத்துவிட்டுப் போனாள். உங்களோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். உங்களிடம் படித்த ஒருவர் காயமே இல்லாமல் வாங்கி, சட்டைப் பையில் வைத்துத் தட்டிக் கொடுத்துக்கொண்டார். என் மாமனார்கூட வாங்கினார். பெட்டி மளமளவென்று தீர்ந்தது. எனக்குச் சந்தோஷமே இல்லை மாமா. உங்கள் கணக்குப்படி அத்தனையும் மரியாதைதானே.

கடைசியாக மிச்சமிருந்த அட்டையை முன்பின் தெரியாத ஒரு பெண் வாங்கினாள். அவள் கேட்டது வேறு பிளாஸ்டர். அது இல்லாததால் இதைக் கொடுத்து, எண்ணெய் விஷயத்தையும் சொல்லி அனுப்பினேன். அதை மறந்தும் போனேன்.

நேற்று முன்தினம் அவள் வந்தாள். “அண்ணே, அன்னிக்கு ஒன்னு குடுத்திங்களே, எண்ண தொட்டா வர்றது, அது இருக்கா?”

ஸ்டூலை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். ஆனாலும் சோதிக்காமல் விடக் கூடாது என்று, “அது தீந்துடுச்சிம்மா. அன்னிக்கு நீ கேட்டது வந்துருக்கு, பெரிய கம்பெனி. தரட்டுமா?” என்றேன்.

“அய்யோ வேணாண்ணே. எங்க மாமியாருக்குச் சக்கர, கால்ல ஆறாத புண்ணு. ஒருநாள் வுட்டு ஒருநாள் கட்டு மாத்தறேன். உரிக்கும்போதெல்லாம் எங்க அம்மா வூட்டையே இழுத்து வெச்சித் திட்டும். இத போட்டதுலேருந்து திட்டறதில்லண்ணே. டிவி பாத்துகிட்டே கால நீட்டுது. நீங்க வரவெச்சிக் குடுங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்.”

அவள் உங்கள் பேரைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று பெட்டியைத் திறந்த சற்று நேரத்தில் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். என் இடது கையில் மணிக்கட்டுக்கு மேல் ஒரு கட்டம் இன்னும் முடி முளைக்காமலே இருக்கிறது. நீங்கள் முதன்முதலில் ஒட்டிய இடம். அதைத் தடவியபடி, “ரெண்டாந்தடவ வந்து கேட்டுட்டாங்க மாமா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்போல. இருமல் மருந்துக்கு நின்றிருந்தவர் கடைக்குள் எட்டிப் பார்த்து, “உள்ள யாரு இருக்காங்க?” என்று கேட்டார். “எங்க மாமா” என்றேன்.