மெழுகில் ஏறிய கருவாட்டு வாடை

டிசம்பர் 23, இரவு.

நாளைக்கு எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி ஆராதனை. அதற்கு நான் செய்து வைத்த வர்த்திகளை எலி கடிக்கிறதென்று, போன வாரம் அந்த அறையிலேயே பொறி வைத்தேன். பொறிக்குள் சுட்ட கருவாடு. எலி வரவில்லை. மெழுகு எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்று ஊருக்கே வகுப்பெடுக்கிற கெமிக்கல் இன்ஜினியர் நான். கருவாட்டுக்கும் வாடை உண்டென்று எப்படித்தான் மறந்தேனோ!

கோயில் பொறுப்பாளர் ஐசக் அண்ணாச்சி சாயங்காலம் வந்து ஒன்றைக் கொளுத்திப் பார்த்தார்.

"ஏலே, நெத்திலியா?"

"சாளை, அண்ணாச்சி."

"வெளங்கும்! பாட்டுப் படிக்குத சனம் பாதியில சோறு திங்க ஓடிருமேலே. ராத்திரி முழுக்கக் காத்தாட வையி. காலையில மோந்து பாப்பேன். வாடை அடிச்சா கடையில வாங்கிக்கிடுதோம்."

ஜன்னலைத் திறந்து வைத்தேன். தெருப் பூனைகள் எல்லாம் வந்து கம்பிக்கு வெளியே உட்கார்ந்திருக்கின்றன. எலித் தொல்லை தீர்ந்தது. ஜன்னலை மூடினால் வாடை போகாது, மூடாவிட்டால் இவை போகாது. எலி கடித்தால் அந்த முனையையாவது வெட்டி எறியலாம். பூனை நக்கிய வர்த்தியைச் சபையார் கையில் எப்படிக் கொடுக்க? கையில் விளக்குமாற்றோடுதான் இதை எழுதுகிறேன். ஒன்று உள்ளே தலையை நுழைக்கி—