பிஸ்கட் டின்னில் செய்த லோடு

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பெனியில் உங்கள் பழைய சோதனை பெஞ்சில் இப்போது உட்கார்ந்திருப்பவள் எழுதுகிறேன். குழந்தை பிறந்த சேதி கிடைத்தது. தாயும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இதை மனதாரச் சொல்கிறேன். இதற்குக் கீழே இருப்பது எதுவும் உங்களுக்குப் பிடிக்காது.

போனில் சொல்லியிருக்கலாம். நீங்கள் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். போன தடவை அப்படித்தான் ஆனது.

நம் கம்பெனி செய்யும் பவர் சப்ளைப் பெட்டி நோயாளிகளின் மூச்சுக் கருவிக்குள் போகிறது. முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, வோல்ட்டை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் நம் பெஞ்சில் மின்சாரத்தை இழுத்துச் சோதிக்கும் லோடே கிடையாது. சும்மா மீட்டரை வை, பன்னிரண்டு வோல்ட் காட்டும், எழுதிவிடு என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். முதல் வாரம் நானும் எழுதினேன். லாரி ஓட்டும் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, வெறும் வண்டியச் சமதரையில உருட்டிட்டு மலை ஏறும்னு எழுதிக் குடுக்கறியா என்று கேட்டார்.

அன்றுதான் வீட்டிலேயே லோடு செய்ய ஆரம்பித்தேன். பழைய கம்ப்யூட்டரின் ஃபேன், சூட்டை வாங்கும் அலுமினிய ஹீட் சிங்க், அதன்மேல் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு மாஸ்ஃபெட், அதை ஆட்டிவைக்கும் ஒரு ஐசி, ஒரு குமிழ். எல்லாம் அம்மாவின் பிஸ்கட் டின்னில். குமிழைத் திருகினால் கேட்ட ஆம்பியரை சப்ளையிலிருந்து இழுத்துச் சூடாக வெளியே தள்ளும்.

முதல் சோதனையில் வோல்ட் சட்டென்று இறங்கியது. ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னேன். தப்பு என்னுடையது. மெல்லிய வயர் போட்டு, மீட்டரை லோடு முனையில் வைத்திருந்தேன். வயர் தின்ற வோல்ட்டுக்கு சப்ளை மேல் பழி போட்டுவிட்டேன். ஆபீசே சிரித்தது. பிஸ்கட் டின் இன்ஜினியர் என்று பெயர் வைத்தார்கள். போனில் சொன்னபோது நீங்களும் சிரித்தீர்கள்.

தடித்த வயர் போட்டேன். மீட்டரை சப்ளையின் வாயிலேயே வைத்தேன். முழு லோடான ஐந்து ஆம்பியரில் இருபது நிமிடம் பன்னிரண்டில் நின்றது. அப்புறம் மளமளவென்று ஒன்பதுக்கு விழுந்தது. ஆறு பெட்டியில் நான்கு இப்படி. மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ இருந்த ரெண்டு வருஷம் வராத கோளாறு உன் டின்னுக்கு மட்டும் எப்படிம்மா வருது, பேசாம கையெழுத்தப் போடு என்றார்.

உங்கள் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் 12.02. லோடு ஏற்றினால் நல்ல சப்ளையே ஒரு பொட்டு இறங்கும், அக்கா. பொய்யைக்கூட மாற்றி மாற்றி எழுதச் சோம்பலா?

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துவிட்டீர்கள். அதைப் பாராட்டு என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா என் வேலை உத்தரவின் நகலை லாரியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்டினார். அப்படிப்பட்ட பெண்ணை ஏன் தேடினீர்கள் என்று இப்போதுதான் உறைக்கிறது.

நான் கையெழுத்துப் போடவில்லை. மூச்சுக் கருவி செய்யும் கம்பெனிக்கே எழுதிவிட்டேன், முதல் வாரம் நான் பொய்யாகப் போட்ட பதினெட்டுத் தாளையும் சொல்லி. நாளை எனக்கு வேலை இருக்குமா தெரியாது. அவர்கள் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: முன்பு இருந்தவர் சோதித்தாரா, இல்லையா? அதற்கு நான் பதில் சொன்னால் செல்லாது. உங்கள் தாளோடு போன பெட்டிகள் யார் யார் தலைமாட்டிலோ ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் திரும்ப வரவழைக்க உங்கள் வாக்குமூலம் வேண்டும். இரண்டு வரி போதும். முகவரியை இணைத்திருக்கிறேன்.

பிள்ளை பெற்றவர்கள் அது தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பார்களாம், அம்மா சொன்னாள். நீங்களும் பார்ப்பீர்கள். உங்கள் விரலில் அந்தக் காற்று எப்போதும் சீராகப் படட்டும். விரலை எடுத்ததும் எழுதுங்கள்.

இன்னும் உங்களை அக்கா என்றே கூப்பிடும்,
பிஸ்கட் டின் இன்ஜினியர்