பச்சை பெயிண்ட்

1981 அக்டோபர் 12, திங்கள்

மைன்ஸ் ஜீப் இன்று கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்றது, விளக்கு மங்கியது. ஃபோர்மன் தண்டபாணி ஷெட் முழுக்கக் கேட்கும்படி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போட்ட பேட்டரிதான்டா கோளாறு. எலக்ட்ரீசியன்னு சொல்லிக்கினு திரியிற. நாளைக்கு நானே புது பேட்டரி போட்டு, ஆபீசர ஏத்திக்கினு மைன்ஸுக்குள்ள எறங்குறேன் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் டீ குடிக்கப் போனதும் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பேட்டரியில் கோளாறு ஒன்றுமில்லை. ஆயுத பூஜைக்கு ஜீப்பின் அடிச்சட்டம், அந்த சேஸிஸ், பளபளக்க வேண்டுமென்று அவரே பச்சை பெயிண்ட் அடித்தார். அந்தப் பெயிண்டின் மேலேயே பேட்டரியின் எர்த் வயரை முடுக்கி, பக்கத்தில் சந்தனப் பொட்டும் வைத்திருக்கிறார். கரண்ட் எப்படிப் போகும்? அந்த இடத்தைச் சுரண்டிவிட்டால் வேலை முடிந்தது. உப்புத்தாளைக் கையில் எடுத்தேன். பிறகு பையிலேயே போட்டுக்கொண்டேன்.

புது பேட்டரியில் ஒரு தடவை எப்படியோ கிளம்பிவிடும். கீழே சுரங்கப் பள்ளத்தில் போய் நிறுத்தினால் அவ்வளவுதான், மறுபடி கிளம்பாது. ஆபீசர் சேற்றில் இறங்கி நிற்க, தண்டபாணி தள்ளட்டும்.

டிரைவர் ராஜியும் மாட்டிக்கொள்வான். பாவம்தான். ஆனால் அவனும் சிரித்தான்.

வெளியே மழை பிடித்திருக்கிறது. விடிய விடியப் பெய்யட்டும்.