தூரத்துக் கோரிக்கை

ஐப்பசி 12, செவ்வாய்

துறைமுக கேட்டில் இன்றும் கணினி உறைந்துவிட்டது. எடைமேடை அண்ணாச்சி போனில் கத்தினார்: "ஏளா, லாரியெல்லாம் வரிசையா நிக்கி, சீட்டு வரமாட்டேங்கி!"

பேக்கப் ஓடும்போது டிஸ்க், தனக்குப் பக்கத்தில் இருக்கும் வேலையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எடைச்சீட்டு மாதிரி தூரத்துக் கோரிக்கை காத்தே கிடக்கிறது. இயங்குதளத்தின் மையமான கர்னலில், எந்த வேலை முதலில் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலரை 'டெட்லைன்' என்று மாற்றினேன். இதில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு கெடு உண்டு. தாண்டினால் மற்றதை விட்டுவிட்டு அதைத்தான் பார்க்கும். சீட்டு வர ஆரம்பித்தது.

கப்பல் வேலையில் இருக்கும் என் கணவர், சிக்னல் கிடைத்ததும் அம்மாவிடம் பேசுவார், தங்கையிடம் பேசுவார். என் முறை வருவதற்குள் கப்பல் நகர்ந்துவிடும். கேட்டால், "நீ எங்க போயிரப் போற?" என்று சிரிப்பார்.

இன்றும் போன் வரவில்லை. அவருக்குக் கெடு வைக்க மட்டும் எனக்கு மனசு வரமாட்டேன் என்கிறது.