கறுத்துப் போன தேத்தண்ணி

அன்புள்ள அம்மாவுக்கு, ஓமானிலிருந்து கிருஷ்ணராஜ் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? அட்டை கடித்த புண் ஆறிவிட்டதா?

இங்கே கிணற்று உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிறோம். முதலில் அதிலுள்ள இரும்பை மணல் தொட்டியில் வடிகட்ட வேண்டும். இல்லாவிட்டால் உப்பைப் பிரிக்கும் சவ்வுகள் பாழாகிவிடும். அந்தத் தொட்டி என் பொறுப்பு.

போன செவ்வாய் அவசரத்தில் தொட்டியிலிருந்து வடிந்து வரும் குழாயிலேயே கேத்தலை நிரப்பி, நீங்கள் அனுப்பிய தேயிலையைப் போட்டேன். மை போலக் கறுத்துவிட்டது. குடித்தால் ஒரே உப்பு. சேலத்து எஞ்சினியர் எட்டிப் பார்த்து, "என்னய்யா, உங்க ஊர் டீத்தூள் கெட்டுப்போச்சா?" என்றார்.

எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! "ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலைங்க, எங்கம்மா பறிச்ச கொழுந்து. கொறை தண்ணியிலதான் இருக்கு," என்றேன்.

தண்ணீரில் இரும்பு இருந்தால்தான் தேயிலை அப்படிக் கறுக்கும். தண்ணீரைச் சோதிக்கும் பெட்டியோ இரும்பே இல்லை என்றது. நான் போத்தல் தண்ணீரில் இன்னொரு கோப்பை போட்டேன். அழகாகச் சிவந்து நின்றது. பிறகுதான் சோதனை மருந்து காலாவதியானதைக் கண்டார்கள். உடனே தொட்டியை நிறுத்திக் கழுவினோம். சவ்வுகள் தப்பின.

புது மருந்து வரும்வரை தினமும் என் தேயிலையில்தான் சோதனை. எஞ்சினியர் தான் குடிக்கவும் ஒரு கோப்பை கேட்கிறார். நான் எண்ணி எண்ணிக் குடித்த பாக்கெட், முடியப்போகிறது.

இரண்டு பாக்கெட் அனுப்புங்கள். ஒன்றில் 'சோதனைக்கு' என்று எழுதுங்கள். வேன்காரன் ஹாரன் அடிக்கிறான், ஓடுகிறேன். எனக்கான மற்றப் பாக்கெட்டில் 'எலி மருந்து' என்று எழுதிவிடுங்கள் அம்மா. அதையாவது ஒருத்தரும் தொடமாட்டார்கள்.

உங்கள் மகன்,
ராஜ்